துளை இருந்தால்தான் குழாய்

அந்த ஆய்வகத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. வாசல் காவலாளியிலிருந்து துறைத் தலைவி வரைக்கும் எல்லாருக்கும் அவள் கணக்கக்காதான். உங்கள் வீட்டில் எத்தனை டம்ளர் இருக்கிறது என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பாள். ஆனால் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டாள். அவள் எண்ணியது ரத்தக் குழாய்களை.

ரத்தக் குழாய் உடம்புக்குள் அல்லவா இருக்கும், அதை எப்படி உட்கார்ந்து எண்ணுவது என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லிவிட வேண்டும். அங்கே தட்டில் தோல் வளர்த்தார்கள். தீக்காயத்துக்கும் ஆறாத புண்ணுக்கும் வைக்கிற தோல். வளர்ப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, வளர்ந்ததை உயிரோடு வைத்திருப்பதுதான் பாடு. மூன்று தலைமுடியை அடுக்கிய கனத்தைத் தாண்டினால் போதும், உள்ளே இருக்கிற செல்கள் பட்டினி கிடந்து செத்துப்போகும். சோறு போட ரத்தம் வேண்டும், ரத்தம் ஓடக் குழாய் வேண்டும். அதனால் தோல் வளரும் ஜெல்லுக்குள்ளேயே குழாய்ச் சுவரின் செல்களையும் கலந்துவிட்டு, அவை ஒன்றோடொன்று கைகோத்துக் குழாயாகச் சுருள்வதற்கு ஒரு மருந்து சேர்ப்பார்கள். வேலை செய்கிறதா என்று பார்க்க, மருந்து போட்டதில் ஆறு, போடாததில் ஆறு. பதினான்காம் நாள் ஒவ்வொன்றையும் மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடிச் சில்லில் ஒட்டினால் குழாய்ச் செல்கள் மட்டும் காப்பித்தூள் நிறத்தில் தெரியும். அவற்றில் எத்தனை குழாயாகியிருக்கின்றன என்று யாராவது ஒருவர் எண்ணியாக வேண்டும்.

எண்ணுவதற்கு ஒரு விதி உண்டு. நடுவில் துளை இருந்தால் குழாய், இல்லாவிட்டால் வெறும் கோடு. துளை பாதி திறந்தும் பாதி மூடியும் இருந்தால்? அதற்கும் விதி உண்டு: பார்ப்பவர் தன் கண்ணை நம்பி முடிவு செய்யலாம், ஆனால் மருந்து போட்டதற்கும் போடாததற்கும் ஒரே கண். அந்தக் கண் ஓரவஞ்சனை செய்துவிடக் கூடாது என்று, எது எந்தச் சில்லு என்பதையே அவளிடம் காட்ட மாட்டார்கள். இன்னொருவர் சில்லின் பெயர்மேல் நீலச் சீட்டு ஒட்டி மறைத்து, கலைத்துப் போட்டு, பெட்டியில் வைத்துக் கொடுப்பார். எண்ணி முடித்த பிறகுதான் சீட்டைக் கிழிப்பார்கள்.

இதற்கு முன்னால் அவள் பதினான்கு வருஷம் ஓர் ஆஸ்பத்திரியில் ரத்த அணுக்களை எண்ணினாள். சரியாக எண்ணினால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், தப்பாக எண்ணினால் மாடிப்படி வரைக்கும் கேட்கும்படி திட்டுவார்கள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். இரண்டு தெரு தள்ளித் தம்பி வீடு. பேருந்து ஓட்டுகிற தம்பி, அவன் மனைவி, ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு, அவ்வளவுதான் அவள் உலகம். இப்படிப்பட்டவள் ஆய்வகத்துக்கு வந்த முதல் வருஷம் ஒருநாள், சீட்டைக் கிழித்துப் பார்த்த துறைத் தலைவி தன் அறையிலிருந்து செருப்புகூடப் போடாமல் ஓடி வந்து அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "கணக்கக்கா! மருந்து வேலை செய்யுது! உங்க வாய்க்குச் சர்க்கரைதான் போடணும்!" என்றார். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் ஒருத்திக்கு முதல்முறையாகக் கிடைத்த கைத்தட்டல். அதில் அவள் கிறங்கிப்போனாள் என்று நாம் சிரிக்க வேண்டாம்.

அதற்குப் பிறகு மூன்றாம் மாதமோ நான்காம் மாதமோ அவள் ஒன்றைக் கவனித்தாள். மருந்து போட்ட ஜெல் கொஞ்சம் கொழகொழவென்று இருக்கும். அச்சிலிருந்து கரண்டியால் தூக்கும்போது ஒரு பக்கத்து ஓரம் லேசாகப் பிய்ந்துவிடும். மருந்து போடாதது சொன்னபடி கேட்டு முழுசாக வரும். அச்சிலிருந்து தூக்குகிறவளும் அவள்தான், பிறகு எண்ணுகிறவளும் அவள்தான். ஆள் பற்றாத இடங்களில் அப்படித்தான். கண்ணாடிச் சில்லில் ஒரு பக்கம் நார் நாராகத் தெரிந்தால் அது மருந்து போட்டது. நீலச் சீட்டு பாட்டுக்கு ஒட்டிக்கொண்டு கிடந்தது, அவளுக்குப் பார்த்தவுடனே தெரிந்துபோயிற்று.

அன்றைக்கே போய், "மேடம், எனக்கு அடையாளம் தெரியுது, வேற ஆளை எண்ண வைங்க" என்று சொல்லியிருந்தால் காரியம் ஐந்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். சொல்லவில்லை. தெரிந்தால் என்ன, நான் நியாயமாகத்தானே எண்ணுகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பொய் எண் அவள் ஒருநாளும் போட்டதில்லை. வெறும் கோட்டைக் குழாய் என்றதில்லை, குழாயை விட்டதுமில்லை. அந்தப் பாதித் துளைகள் இருக்கின்றனவே, அங்கேதான் வழுக்கினாள். ஓரம் பிய்ந்த சில்லில் பாதித் துளை வந்தால், 'திறந்துதான் இருக்கு' என்று கட்டைவிரல் எண்ணும் கருவியை அமுக்கிவிடும். ஓரம் முழுசாக இருந்தால், 'இது மூடிக்கிச்சு' என்று விரல் சும்மா இருந்துவிடும். ஆரம்பத்தில் ஒரு சில்லில் இரண்டு, மூன்று; போகப்போகப் பத்து, பதினைந்து. மூன்று வருஷத்தில் மருந்து போட்டது போடாததைவிட இரண்டு மடங்கு என்று ஆகிவிட்டது, கட்டுரையும் வெளிவந்துவிட்டது. துறைத் தலைவி எத்தனையோ முறை ஓடி வந்து கையைப் பிடித்தார்.

இந்தப் பெருமையை அவள் ஆய்வகத்தோடு விட்டிருக்கலாம். விடுவாளா? ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டில் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுப் போனில் படத்தைக் காட்டினாள்.

"இந்த வட்டம் வட்டமா இருக்கு பாரு, எல்லாம் நாங்க முளைக்க வச்ச ரத்தக் குழாய். மருந்து போட்டா ரெண்டு மடங்கு."

தம்பி படத்தைப் பார்த்தான், பிறகு தன் வலது காலைப் பார்த்தான். அவனுக்குச் சர்க்கரை நோய். புது ஷூ கடித்து, கட்டைவிரலுக்கு அடியில் ஒரு புண். ஐந்து மாதமாக ஆறவில்லை. ரத்தம் விரல்வரைக்கும் போகவில்லை, இப்போதே இரண்டு விரலை எடுத்துவிட்டால் பாதம் தப்பும் என்று அறுவை டாக்டர் சொல்லியிருந்தார்.

"ரெண்டு விரலைக் குடுத்துட்டு நான் பிரேக்கை எதால மிதிக்கிறது, மூக்காலயா?" என்றான் தம்பி. "இதை என் காலுக்கு வச்சு விடேன்க்கா."

அவள் அப்போது சொன்ன பதில் இரண்டே சொல். "வரும்டா, பொறு."

முழுப் பொய்யும் இல்லை அது. ஆஸ்பத்திரி ஒன்றில் பத்துப் பேருக்கு வைத்துப் பார்க்க அனுமதி கேட்டு எழுதியிருந்தார்கள். தம்பி பெயரையும் சேர்க்கப் பார்க்கிறேன் என்று துறைத் தலைவியும் சொல்லியிருந்தார். தம்பிக்கு அது போதும். அறுவை டாக்டரிடம் போய், "எங்க அக்கா ஆபீஸ்ல தோல் வளருது, நான் காத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு விந்தி விந்தி வீட்டுக்கு வந்துவிட்டான். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டாராம். அதையும் தம்பி சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

அதற்கு இரண்டு மாதம் கழித்து ஆய்வகத்தில் கம்ப்யூட்டரே குழாய் எண்ணுகிற ஒரு மென்பொருளை வாங்கினார்கள். பழைய சில்லுகளின் படங்களைப் போட்டுப் பார்த்தார்கள். கணக்கக்காவின் சராசரி மருந்து போட்டதில் நாற்பத்தாறு, போடாததில் இருபத்திரண்டு. கம்ப்யூட்டர் முப்பத்தொன்று என்றது, இருபத்தொன்பது என்றது. அதாவது, மருந்தால் பெரிதாக ஒன்றுமே நடக்கவில்லை.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் அவள் முகத்தை யாரும் பார்க்கவில்லை, எல்லாரும் திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"மெஷினுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு," என்றார் துறைத் தலைவி. "நம்ம கணக்கக்கா பார்க்காத குழாயா? அந்தக் கம்பெனி ஆளை வரச் சொல்லுங்க."

மென்பொருள் கம்பெனியிலிருந்து ஓர் ஆள் வந்தார். சாதுவான மனுஷன், சட்டைப் பையில் இரண்டு பேனா. மூன்று நாள் உட்கார்ந்து எதையெதையோ மாற்றிப் பார்த்தார். எதை மாற்றினாலும் முப்பத்தொன்று இருபத்தொன்பதாகவே வந்தது. துறைத் தலைவி எல்லார் முன்னாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி அவரைக் கேட்டார். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "மன்னிச்சுக்குங்க மேடம், எங்க பக்கம்தான் ஏதோ தப்பு இருக்கணும்" என்றார். கணக்கக்கா அவருக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்தாள். "தேங்க்ஸ்க்கா, நீங்க ஒருத்தங்கதான் இங்க மனுஷத்தனமா இருக்கீங்க" என்றார் அவர். அந்த டீக் குவளையை வைத்துவிட்டு வந்தவள் பாத்திரம் கழுவும் அறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள். அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் கூசியது.

அந்த வாரம் ஒரு விடுமுறை நாளில், மத்தியானம், யாரும் இல்லாதபோது போய் உட்கார்ந்தாள். ஒரு கறுப்புக் காகிதத்தை வெட்டி, பழைய சில்லுகள் பன்னிரண்டின் ஓரங்களையும் மறைத்து ஒட்டி, பெயர்மேல் மறுபடி நீலச் சீட்டு ஒட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு கலைத்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பன்னிரண்டையும் எண்ணினாள். சீட்டைக் கிழித்துப் பார்த்தபோது முப்பத்து மூன்று, முப்பது. கம்ப்யூட்டர் சொன்னது சரி. அவளுடைய கண் நல்ல கண்தான், அதற்கு ஓரத்தைக் காட்டாமல் இருந்தால்.

அப்போதாவது சொன்னாளா? நாளைக்குச் சொல்லலாம் என்றாள். நாளைக்குத் துறைத் தலைவிக்கு ஏதோ கூட்டம். அடுத்த நாள் அவருக்குத் தலைவலி. அதற்கடுத்த நாள் அவர் ரொம்ப நல்ல மனநிலையில் இருந்தார், அதைக் கெடுக்க வேண்டாம். இப்படியே கம்ப்யூட்டர் எண் வந்த நாளிலிருந்து மூன்று வாரம் ஓடிப்போயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் உடம்பு சரியில்லை என்று தம்பி வீட்டுக்குப் போகாமல் இருந்துவிட்டாள். அவனுடைய காலைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை.

நான்காவது வாரம் திங்கட்கிழமை காலை தம்பி மனைவி போன் செய்தாள்.

"அண்ணி, ராத்திரியிலேர்ந்து காய்ச்சல் கொதிக்குது. விரல் ரெண்டும் கறுத்துப்போச்சு, பாதமெல்லாம் வீங்கிக் கெடக்கு. ஆஸ்பத்திரில சேர்த்திருக்கோம். இன்னிக்கே ஆபரேஷன் பண்ணலன்னா உயிருக்கே ஆபத்துங்கறாங்க. இவர் கையெழுத்துப் போட மாட்டேங்கறார் அண்ணி. அக்கா தோல் கொண்டு வருவாங்கறார். நீங்க வந்து சொன்னாத்தான் கேப்பார்."

போனை வைத்துவிட்டு நேராகத் துறைத் தலைவியின் அறைக்குள் போனாள். உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை. ஓரம் பிய்வது, பாதித் துளை, கறுப்புக் காகிதம், எல்லாவற்றையும் நின்றபடியே ஒப்பித்தாள்.

துறைத் தலைவி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"எவ்ளோ நாளா?"

"மூணு வருஷமா மேடம்."

"அந்த மனுஷனை நான் என்னெல்லாம் பேசினேன். நீங்க பக்கத்துலதான நின்னீங்க?"

"ஆமா மேடம்."

"ஏன்க்கா இப்படிப் பண்ணீங்க?"

"தெரியல மேடம்," என்றாள். தெரியும். அதை அவரிடமே சொல்ல வாய் வரவில்லை.

துறைத் தலைவி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும், அனுமதி கேட்டு எழுதினதை நிறுத்தி வைக்க வேண்டும் என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டார். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல், "இனிமே மைக்ரோஸ்கோப் பக்கம் வராதீங்க. இப்ப தம்பியைப் போய்ப் பாருங்க" என்றார். கணக்கக்கா கூனிக் குறுகி வெளியே வந்தாள். வாசல் காவலாளி வழக்கம்போல எழுந்து நின்றார். அவர் எழுந்து நின்றதுகூட அன்றைக்கு அவளுக்குத் தாங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் தம்பி இரண்டு தலையணையில் சாய்ந்திருந்தான். கண்ணெல்லாம் சிவந்து, உதடு வெடித்து, ஆனால் அவளைக் கண்டதும் வாயெல்லாம் பல்.

"பாத்தியா, எங்க அக்கா வந்துட்டா," என்றான் மனைவியிடம். "தோல் எங்கக்கா? டிபன் டப்பாவிலயா கொண்டாந்திருக்கே?"

காலை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். அறை முழுக்க மருந்து வாடை, அதற்கடியில் வேறொரு வாடை.

கடைசி நிமிஷத்திலும் அவள் பூசி மெழுகத்தான் பார்த்தாள். "அது இன்னும் ஒரு வருஷம் ஆகும்போல இருக்குடா. நீ கையெழுத்தைப் போட்டுடு."

"ஒரு வருஷம்தானே? மருந்து மாத்திரையில ஓட்டிடறேன். எனக்கு வண்டி ஓட்டறதத் தவிர என்னக்கா தெரியும்?"

"வராதுடா."

"என்ன வராது?"

"அந்தத் தோல் வராது. மருந்து வேலையே செய்யல. நான்தான் தப்பா எண்ணிட்டேன். தெரியாம இல்ல, தெரிஞ்சே." அவனுக்குப் புரிகிற மாதிரி எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

தம்பியின் குரல் இளகிற்று. "எனக்காகத்தானே பண்ணே? என் கால் சரியாகணும்னு ஆசையில விரல் தானா அமுக்கியிருக்கும். விடுக்கா."

"ஆமாங்க," என்றாள் அவன் மனைவி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "தம்பி மேல இருக்கற பாசம். யாருக்குத்தான் இருக்காது."

இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் பாசக்காரி ஆகிவிடலாம், தம்பி கையெழுத்தும் போட்டுவிடுவான். யாருக்கும் நஷ்டமில்லை. அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அதுவரைக்கும் வந்துவிட்டதே என்று அவளுக்கு வாழ்நாளில் இல்லாத வெட்கமாக இருந்தது.

"இல்லடா," என்றாள். "உனக்குப் புண் வந்தது போன வருஷம். நான் மூணு வருஷமா இப்படித்தான் எண்ணிக்கிட்டிருந்தேன்."

"அப்ப எதுக்கு?"

"எண்ணிக்கை நல்லா வந்தா மேடம் ஓடி வந்து ரெண்டு கையையும் பிடிச்சுப்பாங்க. அதுக்கு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

தம்பி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். தம்பி மனைவி, "கொஞ்சம் வெளிய இருங்க அண்ணி" என்றாள். அதில் கோபம் இல்லை, அசதிதான் இருந்தது. அவள் வெளியே வந்து நடைவழிப் பெஞ்சில் உட்கார்ந்தாள். தரையைத் துடைக்கிறவர் காலைத் தூக்கச் சொன்னார், தூக்கினாள். காய்ந்த பிறகும் காலைக் கீழே வைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

அரைமணி நேரம் கழித்து உள்ளேயிருந்து தம்பியின் குரல் வந்தது. "அக்கா போயிட்டாளா?"

"இருக்கேன்டா."

"டாக்டர்கிட்ட போய் எதுவரைக்கும் எடுப்பாங்கன்னு கேட்டுட்டு வா. இவளைக் கேட்டா அழுவா. நீ போ. அவர் சொல்றதை அப்படியே வந்து சொல்லு."

அறுவை டாக்டர் நடைவழியின் கோடியில் நின்றுகொண்டே ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல் பதில் சொன்னார். "கணுக்காலுக்கு மேல. கெண்டைக்கால் பாதியில எடுக்கணும்." பிறகு நிமிர்ந்து, யாரோ என்னமோ என்று கொஞ்சம் இரக்கத்தோடு சேர்த்துக்கொண்டார். "மூணு வாரம் முன்னாடின்னா பாதத்தோட முன்பக்கத்தை எடுத்துட்டுக் குதிகாலைக் காப்பாத்தியிருக்கலாம்மா. இப்ப முடியாது. அதையெல்லாம் அவர்கிட்ட சொல்லி நோகடிக்க வேணாம். கையெழுத்தை மட்டும் வாங்குங்க."

அவள் திரும்பி நடந்தாள். டாக்டரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். உலகத்தில் யாரும் அதை அவளிடம் கேட்கப்போவதில்லை.

தம்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கணுக்காலுக்கு மேல," என்றாள். "கெண்டைக்கால் பாதிவரைக்கும்."

அவன் தலையை ஆட்டினான். மனைவி படிவத்தை நீட்டினாள். அவன் கையெழுத்தைப் போட்டுவிட்டான்.

"வேற என்ன சொன்னார்?"

"மூணு வாரம் முன்னாடி வந்திருந்தா குதிகால் மிஞ்சியிருக்கும்னார்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "மருந்து வேலை செய்யலன்னு எனக்கு மூணு வாரமாத் தெரியும்டா. வந்து சொல்லல."

தம்பி மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். தம்பி கத்துவான் என்றுதான் கணக்கக்கா எதிர்பார்த்தாள். அவன் கத்தவில்லை. துணிக்கடியில் மேடாகத் தெரிந்த காலைப் பார்த்துக்கொண்டே, சின்ன வயதில் அவளிடம் சந்தேகம் கேட்கிற அதே குரலில் கேட்டான்.

"குதிகால் இருந்திருந்தா ஷூ போட்டுக்கிட்டு நானே நடந்திருப்பேன்லக்கா?"

"நடந்திருப்பே," என்றாள்.